வங்கிகள் சங்கம் யாருடைய சங்கம்? மலையகத்தில் முதன்முறையாக விசாரிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலையகத்தில் பிறந்து வளர்ந்தவருக்குச் ‘சங்கம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் தொழிற்சங்கம்தான் ஞாபகத்துக்கு வரும். வேலை செய்த நாளுக்குப் பெயர் போடவில்லையா, சங்கத்தில் சொல்லு. லயத்துக் கூரை ஒழுகுகிறதா, சங்கத்தில் சொல்லு. மாதாமாதம் சந்தா பிடிக்கிறார்கள், தோட்டத்தில் ஒரு தலைவர் இருக்கிறார், டவுனில் காரியாலயம் இருக்கிறது. குறை என்று வந்தால் அங்கே போய் நிற்பது நமக்குத் தலைமுறைப் பழக்கம்.

இந்தப் பழக்கத்தோடுதான் ‘இலங்கை வங்கிகள் சங்கம்’ என்ற பெயரையும் நம் ஆட்கள் கேட்கிறார்கள். வங்கியில் ஒரு பிரச்சினை, வங்கிகளுக்கென்று சங்கமும் இருக்கிறதாம், சரி, அங்கேயே எழுதிவிடுவோம் என்று நினைக்கிறார்கள். நான் ஒரு சிறு நகரத்து வர்த்தகர் சங்கத்தில் பல வருடமாகக் கடிதம் எழுதும் வேலையைப் பார்க்கிறேன். பாதிக் கடிதங்கள் வங்கி சம்பந்தமானவை. தவறான இடத்துக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தக் காத்திருப்பு இனி யாருக்கும் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு அக்காவின் விஷயத்தைச் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்திருந்தார். பணம் கணக்குக்கு வந்து சேரவில்லை. அவருடைய பாஸ்புக்கையும் அடையாள அட்டையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டையில் பெயரின் நடுவே ‘வ’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘வி’ எழுதியிருந்தது. பாஸ்புக்கில் அதே இடத்தில் ‘டபிள்யூ’. கடைசி எழுத்து ஒன்றில் ‘ஐ’, மற்றதில் ‘வை’. மொத்தம் இரண்டே இரண்டு எழுத்து. பெயர் பொருந்தவில்லை என்று கிளையில் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு என்ன செய்வது என்று சொல்லவில்லை. மகன் கோபத்தில் கொழும்புக்கு, வங்கிகள் சங்கத்தின் தலைவருக்குக் கடிதம் போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருந்தான். அதற்குள் அக்காவின் தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது. கடைசியில் ஒரு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, கிராம சேவகரின் கடிதத்தோடு கிளையில் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் பெயர் திருத்தப்பட்டது.

அந்தக் கடிதம் போன இடம் தவறு. ஏன் தவறு என்று விளங்கிக்கொள்வதற்கு, வங்கிகள் சங்கம் என்றால் என்ன என்று முதலில் தெரிய வேண்டும்.

முதல் வேலை: பெயரைப் பிரித்துக்கொள்வது

தமிழில் எழுதும்போது நான்கு பெயர்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். இலங்கை வங்கி என்பது 1939இல் தொடங்கிய அரச வங்கி, நம் டவுன்களில் கிளை வைத்திருப்பது. இலங்கை மத்திய வங்கி 1950இல் தொடங்கியது. நோட்டு வெளியிடுவது, வங்கிகளுக்கு உரிமம் கொடுப்பது, அவற்றை மேற்பார்வை செய்வது எல்லாம் அதன் வேலை. இலங்கை வங்கி ஊழியர் சங்கம் என்பது கவுண்டரில் இருப்பவர்களும் மற்ற ஊழியர்களும் சேர்ந்திருக்கும் தொழிற்சங்கம். இலங்கை வங்கிகள் சங்கத்தில் உறுப்பினர் யார் என்றால், வங்கிகளேதான். மனிதர்கள் அங்கே உறுப்பினர் இல்லை.

கடித உறையில் ‘வங்கி’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘கள்’ இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அது வேறு கட்டிடத்துக்குப் போகும். முகவரி எழுதும்போது இதை இரண்டு தரம் பாருங்கள்.

தோட்டத்து உதாரணம் சொன்னால் இன்னும் சுலபமாக விளங்கும். 1854இல் கண்டியில் துரைமார் ஒன்றுகூடி பிளான்டர்ஸ் அசோசியேஷனை ஆரம்பித்தார்கள். பாதை, ரயில், வரி, தோட்டத்துக்கு ஆள் கொண்டுவருவது என்று தோட்ட முதலாளிகள் எல்லாருக்கும் பொதுவான விஷயங்களை அரசாங்கத்திடம் ஒரே குரலில் பேசுவதற்கான அமைப்பு அது. ஒரு தொழிலாளி தன் சம்பளக் குறையைக் கொண்டுபோகிற இடமாக அது என்றைக்கும் இருந்ததில்லை. வங்கிகள் சங்கமும் அந்த இனம்தான். ஒரு தொழிலின் நிறுவனங்கள் தங்களுக்காகத் தாங்களே வைத்துக்கொண்ட சங்கம். பெயரில் ‘உத்தரவாதம்’ என்ற சொல்லும் வரும். பங்கு இலாபம் பிரிப்பதற்காக இல்லாமல், உறுப்பினர்களின் உத்தரவாதத்தின் மேல் பதிவான கம்பனி என்பது அதன் பொருள். உறுப்பு வங்கிகளின் தலைமை நிறைவேற்று அதிகாரிகளில் ஒருவர் அதற்குத் தலைவராக இருப்பார்.

இது தெரிந்ததும் சிலர் “அப்போ அது நமக்கு எதிரானதா” என்று கேட்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அது நம் வக்கீல் இல்லை, அவ்வளவுதான். அங்கே எடுக்கிற முடிவுகள் நம் பாஸ்புக் வரைக்கும் வருகின்றன. அதனால்தான் அதை அறிந்து வைத்திருக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது: வங்கிகள் ஏன் ஒன்றுசேர்கின்றன என்று விளங்கிக்கொள்வது

ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருந்து ஒன்றின் வாடிக்கையாளரை மற்றது இழுக்கப் பார்க்கிற நிறுவனங்கள் ஏன் ஒரு மேசையில் உட்கார வேண்டும்? இதற்கு மிகப் பழைய பதில் நம் மலையிலேயே இருக்கிறது.

தேயிலைக்கு முன்னால் இந்த மலைகளில் கோப்பி இருந்தது. 1869இல் கோப்பி இலையில் ஒரு பூஞ்சண நோய் தெரியவந்தது. பதினைந்து வருடத்துக்குள் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியும் ஆட்டங்கண்டது. 1884 மே மாதத்தில் ஓரியன்டல் பேங்க் கோர்ப்பரேஷன் கதவை மூடியது. அந்தக் காலத்தில் நோட்டு வெளியிடுவதும் அந்த மாதிரி வங்கிகள்தான். கையில் நோட்டு இருக்கிறது, அதை மாற்றித்தர வங்கி இல்லை. எத்தனை வீடுகளில் அன்றைக்கு அடுப்பு எரியாமல் இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஆளுநர் ஆர்தர் கோர்டன், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்து நிலைமையைச் சமாளித்தார். அதன் பின்பு நோட்டு வெளியிடும் வேலை அரசாங்கத்தின் கைக்குப் போனது.

நான்கு வருடம் கழித்து, 1888இல், தேயிலைத் தோட்டங்களின் தேவைக்காக ஹட்டனில் ஒரு சிறிய வங்கி தொடங்கியது. பெயரே ஹட்டன் வங்கி. 1970இல் அது இன்னொரு வங்கியின் கண்டி, நுவரெலியா கிளைகளையும் சேர்த்துக்கொண்டு ஹட்டன் நஷனல் வங்கியானது. இன்று கொழும்பில் உயர்ந்த கட்டிடத்தில் இருக்கிற அந்த வங்கியின் பெயரில் நம் ஊர் இருப்பது அப்படித்தான்.

ஒரு வங்கி சரிந்தால் பக்கத்து வங்கியின் வாசலிலும் கூட்டம் கூடிவிடும். அடுத்தவன் கடை எரிந்தால் நமக்கு வியாபாரம் என்று இந்தத் தொழிலில் யாரும் இருக்க முடியாது. போட்டி ஒரு பக்கம் இருந்தாலும், விதிகள், வரி, பாதுகாப்பு, பணம் ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழி ஆகியவற்றில் அவை ஒன்றாக உட்கார்ந்தே ஆக வேண்டும்.

பணம் போகிற வழிக்குக் காசோலை நல்ல உதாரணம். என் மாமா கடை வைத்திருந்த காலத்தில் கொழும்பு மொத்த வியாபாரி கொடுத்த காசோலையை நம் டவுன் கிளையில் போட்டால், அந்தக் காகிதமே மலையிறங்கிக் கொழும்புக்குப் போய், பணம் உண்டா என்று பார்க்கப்பட்டு, தகவல் திரும்பி ஏறி வர வேண்டும். பணம் கைக்கு வருவதற்குள் மாமா வேறொருவரிடம் கைமாற்று வாங்கி அடுத்த லோட் எடுத்திருப்பார். 2002இல் மத்திய வங்கியும் வர்த்தக வங்கிகளும் பங்குதாரராக இருக்கும் லங்கா கிளியர் கம்பனி (இப்போது லங்கா பே), வங்கிகளுக்கிடையில் காசோலைக் கணக்கைத் தீர்க்கும் இந்த வேலையைப் பொறுப்பெடுத்தது. 2006இலிருந்து காகிதத்துக்குப் பதிலாகக் காசோலையின் படம் மட்டும் போகிறது. தலவாக்கலையில் போட்டாலும் கொழும்பில் போட்டாலும் அடுத்த வேலை நாள் என்று கணக்காகிவிட்டது. 2015இல் வந்த செஃப்ட்ஸ் முறையில், ஒரு வங்கியின் கணக்கிலிருந்து இன்னொரு வங்கியின் கணக்குக்குப் பணம் உடனேயே போகிறது. இதில் எந்த ஒன்றையும் ஒரு வங்கி தனியாகச் செய்திருக்க முடியாது.

திருட்டுக்கு எதிரான வேலையும் அப்படித்தான். ஒரு வங்கியின் கணினியை உடைக்கப் பழகிய திருடன் மறுநாள் அடுத்த வங்கிக்கு வருவான். அதனால் மத்திய வங்கி, லங்கா கிளியர், வங்கிகள் சங்கம், நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட் ஆகியவை சேர்ந்து நிதித்துறைக்கென ஃபின்சிசேர்ட் என்ற இணையப் பாதுகாப்புக் குழுவை அமைத்திருக்கின்றன.

மூன்றாவது: உங்கள் பணம் இருக்கும் இடம் இந்தச் சங்கத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பது

நம் பக்கத்தில் இந்தப் படி ரொம்ப முக்கியம். பெயர்ப்பலகையில் ‘வங்கி’ என்று இருப்பதெல்லாம் மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கி ஆகிவிடாது. உரிமம் பெற்ற வர்த்தக வங்கிகளும், தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி போன்ற உரிமம் பெற்ற சிறப்பு வங்கிகளும் சேர்ந்து நாட்டில் ஏறக்குறைய முப்பது இருக்கும். வங்கிகள் சங்கத்தின் வட்டம் இதுதான். சமுர்த்தி வங்கியும் கூட்டுறவுக் கிராமிய வங்கியும் இதில் சேர்ந்தவை இல்லை. அவற்றுக்குத் தனிச் சட்டம், தனி மேற்பார்வை உண்டு.

த்ரீவீலர் லீசிங் எடுத்தது எங்கே என்று கேட்டால் பெரும்பாலானோர் “பேங்க்லதான்” என்பார்கள். ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தால் அது நிதிக் கம்பனியாக இருக்கும். நிதிக் கம்பனிகள் 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனி உரிமம் பெற்றவை, அவற்றுக்குத் தனிச் சங்கமும் உண்டு. வாரா வாரம் பெண்களைக் குழுவாக உட்காரவைத்து வசூலிக்கும் நுண்கடன் கம்பனிகள் இன்னொரு வகை. அவற்றில் சில மத்திய வங்கியின் உரிமத்துக்குள் வருகின்றன, சில வருவதே இல்லை.

ஆகவே பாஸ்புக்கை அல்லது கடன் ஒப்பந்தத்தை எடுத்து, நிறுவனத்தின் முழுப் பெயரை எழுத்து விடாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் தமிழிலும் இருக்கிறது. பிள்ளைகளிடம் போனைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். மேலே சொன்ன சமுர்த்தி, கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் தவிர, பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லையென்றால் அங்கே வைப்பு வைக்காதீர்கள், வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்துவிட்டால், வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நான்காவது: தனி முறைப்பாட்டுக்குச் சரியான கதவைத் தட்டுவது

வங்கிகள் சங்கத்துக்கு உங்கள் கணக்கைப் பார்க்கும் அதிகாரம் இல்லை. வங்கிக்கு அபராதம் போடவோ கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவோ முடியாது. உங்கள் கடனுக்கான வட்டியையும் அது தீர்மானிப்பதில்லை. எனவே உங்கள் ஒருவருடைய பிரச்சினை என்றால் வழி இப்படி.

கிளையில் தொடங்குங்கள், ஆனால் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். “மெனேஜர்கிட்ட சொல்லிட்டேன் தம்பி” என்று எத்தனை பேர் வந்து சொன்னாலும், கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லையென்றால் நான் அடுத்த கடிதத்தை எழுத முடியாது. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். என்ன நடந்தது, எந்தத் திகதி, எவ்வளவு பணம், என்ன வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கிளையின் முத்திரையும் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழில் எழுதக் கூச்சப்பட வேண்டாம். வங்கி வாடிக்கையாளர் சாசனம் 2011இலேயே வந்துவிட்டது. நிபந்தனைகளை நமக்கு விளங்கும் மொழியில் கேட்க உரிமை இருக்கிறது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருக்கிற தாளில் “இந்த இடத்தில கையெழுத்து போடுங்க” என்று விரலால் காட்டினால், தமிழ்ப் பிரதி வரட்டும், பிறகு போடுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளையும் நம்மைப் போல ஒரு வீட்டுப் பிள்ளைதான். குரலை உயர்த்தாமல் சொன்னால் பெரும்பாலும் தேடி எடுத்துத் தருவார்கள்.

கிளையில் தீராவிட்டால் அந்த வங்கியின் தலைமை அலுவலகத்தில் முறைப்பாடுகளைக் கவனிக்கும் பிரிவுக்கு, முதல் கடிதத்தின் பிரதியோடு எழுதுங்கள்.

அதுவும் சரிவராவிட்டால் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம். 2020இல் அமைக்கப்பட்டது. 1935 என்ற இலக்கத்துக்குக் கோல் பண்ணலாம், கொழும்பு 01 ஜனாதிபதி மாவத்தையில் உள்ள மத்திய வங்கி முகவரிக்கு எழுதலாம். வங்கி மட்டுமல்லாமல் மத்திய வங்கி உரிமம் கொடுத்த நிதிக் கம்பனிகளைப் பற்றியும் அங்கே சொல்லலாம். “முதலில் வங்கியிடம் முறையிட்டீர்களா” என்று கேட்பார்கள். முத்திரை வாங்கிய பிரதி அங்கேதான் உதவும். மற்றது நிதி ஒம்புட்ஸ்மன். நிதி நிறுவனங்களே சேர்ந்து, மத்திய வங்கியின் ஆதரவோடு, நீதிமன்றத்துக்கு வெளியே பிணக்குகளைத் தீர்ப்பதற்காக ஏற்படுத்திய திட்டம் அது. முறைப்பாட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வழக்கு நடக்கும் விஷயத்தை அவர்கள் எடுக்கமாட்டார்கள், ஆகவே வழக்குப் போடுவதற்கு முன்பே போக வேண்டும்.

கிரிப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது “கிரிப்பில பேர் விழுந்துட்டு” என்று முகம் வாடி வருகிறார். கிரிப் என்று நாம் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. கடன் வாங்கியவர் எப்படிக் கட்டினார் என்ற வரலாற்றை வைத்திருப்பதுதான் அதன் வேலை. இன்னாருக்குக் கடன் கொடுக்காதே என்று அது உத்தரவு போடுவதில்லை. முடிவெடுப்பது கடன் கொடுக்கும் நிறுவனம். உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். எப்போதோ முடித்த அடகுக் கடனோ லீசிங்கோ இன்னும் நிலுவையாகக் காட்டினால், பணத்தைக் கட்டி முடித்த பற்றுச்சீட்டோடு அந்த நிறுவனத்திடமே திருத்தம் கேளுங்கள். அந்தப் பற்றுச்சீட்டுகளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் மை போய்விடுகிறது.

ஐந்தாவது: பொதுவான பிரச்சினை என்றால் சங்கத்துக்கு எழுதுவது

இப்போதுதான் வங்கிகள் சங்கத்தின் கதவு வருகிறது. ஒரே பிரச்சினை பல வங்கிகளில், பல பேருக்கு, ஒரே காரணத்தால் வந்தால் அது சங்கத்துக்குப் போக வேண்டிய விஷயம். அதுவும் ஒரு தனி ஆளின் பெயரில் போவதைவிட இன்னொரு சங்கத்தின் கடிதத் தலைப்பில் போனால்தான் எடுத்துப் படிப்பார்கள். வர்த்தகர் சங்கம், சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர் சங்கம், மரக்கறிச் செய்கையாளர் சங்கம், ஓட்டோச் சங்கம், எதுவாகவும் இருக்கலாம்.

ஒரு வருடம் எங்கள் பக்கத்தில் மண்சரிவால் பிரதான வீதி சில நாட்கள் மூடிக்கிடந்தது. கிளைகள் திறக்கவில்லை, மின்சாரம் இல்லை, சிக்னலும் இல்லை. அந்த நாட்களில் கடன் தவணை விழுந்தவர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகள் தாமதக் கட்டணம் பிடித்துவிட்டன. ஒருவருக்குச் சில நூறு ரூபாய்தான். ஆனால் கடையே திறக்காத வாரத்தில் அந்தச் சில நூறு பெரிய பணம். முதலில் ஆளாளுக்குக் கிளையில் போய்ச் சண்டை போட்டார்கள், “சிஸ்டம் பிடிக்குது, நாங்க என்ன செய்ய” என்ற பதிலோடு திரும்பினார்கள். பிறகு எல்லாருடைய கூற்றுகளையும் (அதாவது ஸ்டேட்மென்ட்டுகளை) சேகரித்துச் சங்கத் தலைப்பில் எழுதினோம். அந்த மாதிரிக் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“இம்மாதம் 12ஆம் திகதி முதல் 15ஆம் திகதி வரை எமது நகருக்கான வீதி மண்சரிவினால் மூடப்பட்டிருந்தது. இக்காலத்தில் நகரிலுள்ள நான்கு வங்கிக் கிளைகளும் திறக்கப்படவில்லை. இந்நாட்களுக்குள் தவணை செலுத்தவேண்டியிருந்த எமது உறுப்பினர் 19 பேரிடம் தாமதக் கட்டணம் அறவிடப்பட்டுள்ளது. பெயர், வங்கி, திகதி, தொகை ஆகியவை இணைப்பில் உள்ளன. இடர் காலத்தில் கிளை மூடியிருக்கும் நாட்களுக்குத் தாமதக் கட்டணம் அறவிடாதிருப்பதற்கு உறுப்பு வங்கிகள் பொதுவான ஒரு நடைமுறையை ஏற்றுக்கொள்ளுமாறு தங்கள் சங்கம் அவற்றிடம் கோரவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.”

இதில் எந்த வங்கியையும் திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் கட்டணம் பிடித்தார் என்பது இணைப்புத் தாளில் இருக்கிறது. கடிதம் கேட்பது ஒரே ஒரு விஷயம், அதுவும் சங்கத்தால் செய்யக்கூடிய விஷயம். “பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்” என்று கேட்டால் அது எங்கள் அதிகாரம் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். “உறுப்பினர்களிடம் கோருங்கள்” என்றால் அப்படி முடிக்க முடியாது. பிரதேச செயலகத்திலிருந்தோ அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலிருந்தோ வீதி மூடியிருந்ததற்கு ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் இன்னும் பலம். தமிழ்க் கடிதத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றும் வையுங்கள். அதே கடிதத்தின் பிரதியை மத்திய வங்கிக்கும் அனுப்புங்கள், அனுப்பியதாகக் கடிதத்தின் அடியில் எழுதுங்கள். எங்கள் விஷயத்தில் எல்லாருக்கும் பணம் திரும்பவில்லை. சிலருக்குத் திரும்பியது. அடுத்த மழைக்கு முன்பே கிளை முகாமையாளர்கள் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மலைகளை என்ன செய்தது என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த மாதிரி நேரத்தில் தனியாக வரிசையில் நிற்பதைவிட ஊராகச் சேர்ந்து எழுதுவது எவ்வளவோ மேல்.

ஆறாவது: அறிவிப்புகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது

செய்தியில் “வங்கிகள் சங்கம் தெரிவித்தது” என்று வந்தால் அது வங்கிகளின் கருத்து அல்லது இணக்கம். “மத்திய வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது” என்று வந்தால் அது வங்கிகள் கைக்கொள்ள வேண்டிய அறிவுறுத்தல். இரண்டையும் கலந்துகொண்டு கிளைக்குப் போய், “டிவியில சொன்னாங்களே” என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பராட்டே எனப்படும் ஏல அதிகாரத்தின் விஷயத்தில் இது நன்றாகத் தெரிந்தது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, கடன் கட்டாதவர் ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் விடலாம். பொருளாதார நெருக்கடியில் சிறு, நடுத்தர வியாபாரிகள் பலர் இதில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களின் போராட்டத்துக்குப் பிறகு 2024இல் அந்த அதிகாரம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. வங்கிகள் சங்கம் அந்த நிறுத்தத்தை விரும்பவில்லை. கடனாகக் கொடுத்தது வைப்பாளர்களின் பணம், அதை அறவிட வழியில்லாவிட்டால் வைப்பாளருக்கு யார் பொறுப்பு என்பது அவர்கள் பக்க நியாயம். ஹட்டனில் ஐந்து ரூபாய் பத்து ரூபாயாகச் சேர்த்து நிலையான வைப்பு வைத்திருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியையை நினைத்தால் அந்த நியாயத்தைத் தட்டிவிட முடியவில்லை. வீட்டையும் கடையையும் ஒரே உறுதியில் ஈடு வைத்த பண்டாரவளை வியாபாரியை நினைத்தால் மற்றப் பக்க நியாயமும் நெஞ்சில் நிற்கிறது. கடைசியில், 2024 டிசம்பரில், வங்கிகள் சங்கத்தோடு பேசிய பிறகு மத்திய வங்கி, பாதிக்கப்பட்ட சிறு, நடுத்தர முயற்சிகளின் கடன்களை மறுசீரமைப்பதற்கான சலுகைகளைச் சுற்றறிக்கையாக வெளியிட்டது. சங்கத்தின் உண்மையான வேலை எங்கே நடக்கிறது என்று இதில் பார்க்கலாம். சுற்றறிக்கையில் வருவதில் பலவும் அதற்கு முந்திய பேச்சில் அடிபடுகிறது. அந்தப் பேச்சு நடக்கும்போதே நம் சங்கங்களின் கடிதங்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

சலுகை அறிவிப்பு வந்தால் மூன்று கேள்விகளோடு கிளைக்குப் போங்கள். விண்ணப்பிக்கக் கடைசித் திகதி எது? தவணை நிற்கும் காலத்தில் வட்டி ஏறுமா, ஏறினால் எவ்வளவு? இது கிரிப் அறிக்கையில் எப்படிப் பதிவாகும்? 2020இல் கொவிட் காலத்தில் தவணை ஒத்திவைப்புக் கொடுத்தபோது, கடனே குறைந்துவிட்டது என்று நினைத்திருந்தவர்கள் பலர். ஒத்திவைத்தது பின்னால் வந்து சேர்ந்தபோது அதிர்ந்துபோனார்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ்நாட்டுச் செய்தி பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே அடிக்கடி அடிபடும் இந்திய வங்கிகள் சங்கம் 1946இல் தொடங்கியது, வங்கி ஊழியர் சம்பள ஒப்பந்தத்தையும் அது பேசுகிறது. இங்கே சம்பளப் பேச்சு வங்கிகளுக்கும் ஊழியர் சங்கத்துக்கும் இடையில் வேறு வழியில் நடக்கிறது. அங்கே அறிவித்த வேலைநிறுத்தமும் விடுமுறையும் நம் கிளைகளுக்குப் பொருந்தாது.

வேலை தேடும் பிள்ளைகளுக்கும் சுருக்கமாக: வங்கிகள் சங்கம் வங்கிகளுக்கு ஆள் எடுப்பதில்லை. அதன் பெயரில் யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வங்கித் தொழிலுக்கான பரீட்சைகளை நடத்துவது 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கை வங்கியாளர் நிறுவகம். பரீட்சைக்கான விண்ணப்பத்தை அங்கேயும், வேலைக்கானதை நேரடியாக வங்கிக்கும் போடுங்கள்.

கடிதத்தை அனுப்பும் நாளில் இன்னொரு வேலை இருக்கிறது. பதிவுத் தபாலுக்குத் தபாலகத்தில் தரும் சிறு பற்றுச்சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அங்கேயே, கடிதப் பிரதியின் பின்பக்கத்தில் பசையால் ஒட்டி, கீழே திகதியை எழுதுங்கள். பிரதியைப் பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். ஆறு வாரத்தில் பதில் வராவிட்டால், அந்தப் பற்றுச்சீட்டின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, “எமது முன்னைய கடிதம்” என்று தொடங்கி இரண்டாவது கடிதத்தை எழுதுங்கள்.